வயது போன குதிரையும் சோளகக் காற்றும்

மாடோ ஆடோ குதிரையோ, முதுமையில் எலும்பு தெரியத் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் சொல்வதற்கு ஒரு வசனம் உண்டு: "வயசு போட்டுது, அதுதான் மெலியுது." இரக்கத்தோடு சொல்வதுதான். ஆனால் அந்த வசனத்தோடு விசாரணையும் முடிந்துவிடுகிறது. வயது ஒரு குதிரையை மெலிவிப்பதில்லை. தேய்ந்த பல் மெலிவிக்கும். மூளையின் அடியில் இருக்கும் ஒரு சிறு சுரப்பி மெலிவிக்கும். குடற்புழு, மூட்டு நோவு, தண்ணீர்த் தட்டுப்பாடு எல்லாம் மெலிவிக்கும். 20 வயதைத் தாண்டிய குதிரையில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருப்பது வழமை. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றைக் கிளறிவிடுவதும் வழமை. எதை முதலில் கவனிப்பது, எதைப் பொறுத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதுதான் முதிய குதிரையின் வைத்தியம்.

குதிரை யாழ்ப்பாணத்து வீட்டு வளவுகளில் காணும் விலங்கு அல்ல. ஆனால் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினால் ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் குதிரைகளின் தீவுக்குப் போய்விடலாம். நெடுந்தீவு பாக்கு நீரிணையில், குடாநாட்டுக்குத் தென்மேற்கே கிடக்கும் ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் நிலம். அடியெல்லாம் முருகைக்கல். மேலே மெல்லிய மண், பனை, பற்றை, புல்வெளி. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து சேர்ந்தவை என்று கருதப்படும் குதிரைகளை ஒல்லாந்தர் இங்கே இனம் பெருக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி அந்த வேலையைத் தொடர்ந்தார். அவர்களுடைய லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. குதிரைப்படைக்கும் வண்டிக்கும் தேவை அற்றுப்போனதும் லாயம் மூடப்பட்டது. குதிரைகள் வெளியில் விடப்பட்டன. அவற்றின் வழிவந்தவையே தீவின் தெற்கு வெளியில் மேயும் கூட்டங்கள். 2015இல் அந்த வெளி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

காட்டுக் குதிரை என்று இவற்றைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மை அல்ல. மனிதன் கொண்டுவந்து, மனிதன் பெருக்கி, மனிதன் கைவிட்ட வீட்டு விலங்கின் பரம்பரை இது. தீவைச் சுற்றிக் கடல். மழை பொய்த்தால் வேறு மேய்ச்சல் தேடிப் போக வழியில்லை. ஆகவே இங்கே ஒரு குதிரை எப்படி முதுமை அடைகிறது என்பது நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்றே நான் கருதுகிறேன்.

வாயிலிருந்து தொடங்குவோம். பழகிய குதிரையானால் அதன் மேலுதட்டின் ஓரத்தைப் பெருவிரலால் மெல்ல ஒதுக்கினால் போதும். மேல்வரிசை வெட்டுப்பற்களில் கடைசிப் பல்லின் வெளிமுகத்தில், முரசை ஒட்டி, பழுப்பு நிறத்தில் ஒரு பள்ளம் கோடு போலத் தெரியும். சுமார் 10 வயதில் அது முரசுக்குக் கீழே தலைகாட்டும். 15இல் பல்லின் பாதிவரை இறங்கும். 20இல் பல்லின் முழு நீளத்துக்கும் ஓடும். பிறகு மேலிருந்து அழியத் தொடங்கி 30 அளவில் இல்லாமல் போகும். 19ஆம் நூற்றாண்டில் குதிரை பழக்குவதில் பேர்பெற்ற கால்வேன் என்பவரின் பெயரால் இதைக் கால்வேன் பள்ளம் என்பார்கள். உணவுக்கும் இனத்துக்கும் ஏற்ப சில ஆண்டுகள் முன்பின்னாகும் என்பதால் இதை மட்டும் வைத்து வயதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பிறப்புப் பதிவே இல்லாத ஒரு தீவுக் குதிரைக்கு ஆரம்பக் குறிப்பாக இது உதவும்.

அந்தப் பள்ளம் ஏன் நகர்கிறது? பல் நகர்கிறது, அதனால். புல்லில் சிலிக்கா உண்டு. புல்லோடு மண்ணும் வாய்க்குள் போகும். இரண்டும் பல்லை அரைத்துத் தள்ளும். இந்தத் தேய்மானத்துக்கு ஈடாகக் குதிரையின் கடைவாய்ப்பல் தாடைக்குள் நீண்ட இருப்போடு உருவாகிறது. ஆண்டுக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் வீதம் வெளியே வந்துகொண்டிருக்கும். பல் வளர்வதாகத் தோன்றினாலும் உண்மையில் சேமிப்புத்தான் செலவாகிறது. 25, 30 வயதில் சேமிப்புத் தீர்ந்துபோகும். எஞ்சுவது வழவழத்த ஒரு துண்டு. அதனால் புல்லை அரைக்க முடியாது. மணல் நிலத்தில் மேயும் குதிரைக்கு இந்தக் கணக்கு இன்னும் முந்தி முடியலாம்.

தேய்வு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக நடப்பதும் இல்லை. குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அது பக்கவாட்டில் சுழற்றி மெல்லும். எனவே மேற்பல்லின் கன்னப்பக்க விளிம்பும் கீழ்ப்பல்லின் நாக்குப்பக்க விளிம்பும் தேயாமல் கத்திபோல் கூராகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். ஒரு பல் விழுந்துவிட்டால் எதிரே இருக்கும் பல் தடையின்றி நீண்டுபோய் தாடையையே பூட்டிவிடும். பார்க்கத் தெரிந்தவர் தரையைப் பார்ப்பார். குதிரை நின்ற இடத்தில் அரைகுறையாக மென்ற புல், எச்சில் ஊறிய சிறு உருண்டைகளாகக் கிடந்தால் அதன் வாயில் வேலை இருக்கிறது என்று பொருள். சாணத்தில் விரல்நீளத்துக்குப் புல் அப்படியே வந்தால் மெல்லாமல் விழுங்குகிறது என்று பொருள். அடுத்து வருவது வயிற்றுக் குத்து. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. குடலில் அடைத்தது அங்கேயே கிடக்கும். பல் ராவும் அரத்தோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது வாயைத் திறந்து பார்க்கும் வைத்தியர் கிடைத்தால், முதிய குதிரையின் ஆயுளில் சில ஆண்டுகள் கூடும். இங்கிலாந்தில் கால்வாய்ப் படகு இழுத்த ஓல்ட் பில்லி என்ற குதிரை 1760இல் பிறந்து 1822வரை, 62 ஆண்டுகள் வாழ்ந்தது. அதைவிட நெடுநாள் வாழ்ந்த குதிரை பதிவில் இல்லை. அது ஒரு விதிவிலக்கு. நன்கு பராமரிக்கப்படும் குதிரைக்கு 25 முதல் 30 ஆண்டுகளே எதிர்பார்க்கலாம்.

பல் போன குதிரைக்கு என்ன கொடுப்பது? இங்கேதான் அன்பு பல இடங்களில் தவறிப்போகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து பெரும் பணம் கொடுத்து இறக்கிய குதிரைகள் அங்கே நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்பதும், இறைச்சியோடு வேகவைத்த சோற்றைக் குதிரைக்குக் கொடுக்கிறார்கள் என்பதும் அவர் சொன்ன காரணங்கள். பயணியின் கூற்றை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் சோறு குதிரையை வீழ்த்தும் வழி இன்று நன்றாகத் தெரியும். குதிரையின் இரைப்பை சிறியது. அதன் உண்மையான சமையலறை பின்குடலில், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்துச் சத்தாக்கித் தருகின்றன. ஒரே வேளையில் அதிக மாப்பொருள் போனால் சிறுகுடலால் முழுவதையும் செரிக்க முடியாது. மிச்சம் பின்குடலுக்குள் கொட்டும். லாக்டிக் அமிலம் பெருகும். நார் செரிக்கும் உயிர்கள் மடியும். நச்சு இரத்தத்தில் கலக்கும். அதன் விளைவு வயிற்றுக் குத்தாக வரலாம், குளம்பழற்சியாகவும் வரலாம். நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் பாண் துண்டையோ பிஸ்கட்டையோ குதிரைக்கு நீட்டினால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

தவிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடம் கால்நடைக்கு முதலில் கைக்கு வருவது தவிடுதான். ஊறவைத்தால் மெத்தென்று இருக்கும், பல்லில்லாத வாய்க்கு இதமாக இருக்கும். ஆனால் தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. நாள்தோறும் தவிடே முக்கிய உணவானால் உடல் தன் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து ஈடுசெய்யும். முகத்து எலும்பு நாராக மாறி வீங்கும். முன்பு மாவாலைக்காரர்களின் குதிரைகளுக்கு இது அடிக்கடி வந்தது. வெப்ப நாடுகளின் சில புல்வகைகளில் இருக்கும் ஒக்சலேற்றும் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இதே கேட்டைச் செய்யும். தவிடு கொடுப்பதானால் அளவாகக் கொடுத்து, தீவனத் தரமான கல்சியம் காபனேற்றுத் தூளைச் சேர்க்க வேண்டும்.

நம் கைக்கெட்டும் பொருட்களில் எனக்கு நம்பிக்கை தருவது தேங்காய்ப் புண்ணாக்கு. கொப்பரையிலிருந்து எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் இதில் புரதமும் நாரும் மிச்ச எண்ணெயும் உண்டு. மாப்பொருளும் சர்க்கரையும் குறைவு. அவுஸ்திரேலியாவில் குளம்பழற்சிக்கு ஆளான குதிரைகளுக்கென்றே கொப்பரைத் தீவனம் பொதி செய்து விற்கிறார்கள். வாளியில் புண்ணாக்கைப் போட்டு, அதன் மேல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி விட்டால் அது நீரை உறிஞ்சிப் பொங்கி வரும். கையால் பிசைந்தால் கட்டியில்லாமல் கரைய வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது உணவோடு தண்ணீரும் உள்ளே போகிறது. முதிய குதிரைக்கு அது இரட்டை நன்மை. ஆனால் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு விஷம். கொப்பரையில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடொக்சின் ஈரலைக் கெடுக்கும். மணத்துப் பார்த்து, கட்டியை உடைத்துப் பார்த்து, சந்தேகமானால் எறிந்துவிட வேண்டியதுதான். கொள்ளு நம் முன்னோர் குதிரைக்குக் கொடுத்த பழைய உணவு. வேகவைத்தால் பல் போன குதிரையும் தின்னும். தசை கரைந்த உடலுக்குப் புரதம் தரும். அதில் மாப்பொருளும் இருக்கிறது என்பதை மறக்காமல் சிறு சிறு பங்காகக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஒரு குதிரை மெலிந்தால், அதன் மயிரைப் பாருங்கள். மாதக்கணக்காக உதிராத நீண்ட சுருள் மயிர், தொங்கும் வயிறு, முதுகின் இருபுறமும் கரைந்த தசை, அடிக்கடி தண்ணீர் குடிப்பதும் சிறுநீர் கழிப்பதும், ஆறாத புண். இவை சேர்ந்து வந்தால் குஷிங் நோய் என்று பொதுவாகச் சொல்லப்படும் கபச்சுரப்பிக் கோளாறு. மூளையிலுள்ள சில நரம்புக் கலங்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரந்து கபச்சுரப்பியின் நடுமடலை அடக்கி வைத்திருக்கும். முதுமையில் அந்தக் கலங்கள் அழியும். அடக்குவார் இல்லாமல் நடுமடல் பெருத்து, ஓமோன்களை அளவுக்கு மீறிக் கொட்டும். டோபமைன் கலங்கள் அழிவதால் மனிதருக்கு வரும் பார்க்கின்சன் நோய்க்கு இது உறவு. பாதிக்கப்படும் இடம் மட்டும் வேறு. அதனால்தான் பார்க்கின்சன் நோயாளருக்குக் கொடுத்த பெர்கோலைடு என்ற மருந்து குதிரைக்கும் வேலை செய்கிறது. இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று கண்டு 2007இல் அமெரிக்காவில் மனிதருக்கான பெர்கோலைடைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். 2011இல் அதே மருந்து குதிரைக்கென்று அனுமதி பெற்றது. நோயை அது மாற்றாது, அடக்கி வைக்கும். உயிருள்ளவரை நாள்தோறும் கொடுக்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 15 வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைகளைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு இருந்தது. வயதின் இயல்பு என்று விட்டுவிடப்படுவதில் எவ்வளவு பங்கு நோய் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரு நுணுக்கமும் இருக்கிறது. நடுமடல் சுரக்கும் ஓமோனின் அளவு இரத்தத்தில் பகல் குறுகத் தொடங்கும் பருவத்தில் நலமான குதிரையிலும் ஏறும். ஐரோப்பாவில் அதற்கென்று மாதவாரியாக அளவுகோல் வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். குளிர்நாட்டு அட்டவணையை எடுத்துவந்து இங்கே பொருத்தினால் முடிவு பிசகலாம்.

குஷிங் நோய் கொல்வது பெரும்பாலும் காலின் வழியாக. குதிரையின் உடற்பாரம் முழுவதும் குளம்புக்குள் தொங்குகிறது. குளம்புச் சுவரின் உட்பக்கத்தில் 550 முதல் 600 வரை மெல்லிய தகடுகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேல் நுண்தகடுகள். எலும்பின் பக்கத்திலிருந்தும் அதேபோல் தகடுகள் புறப்பட்டு இவற்றோடு கோத்துக்கொள்ளும், இரண்டு புத்தகங்களைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிச் செருகியதுபோல. அந்தக் கோப்பு தளர்ந்தால் எலும்பு குளம்புக்குள்ளேயே சரியும். முற்றினால் உள்ளங்குளம்பைத் துளைத்து வெளிவரும். குளம்பழற்சி என்பது இதுதான். மாப்பொருள் மிகாமலும் அது வருவதன் காரணம் நீண்ட காலமாகத் தெரியாமல் இருந்தது. 2007இல் வெளிவந்த ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு, நலமான மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ச்சியாக ஏற்றியபோது 72 மணித்தியாலத்துக்குள் நான்கு குளம்புகளிலும் அழற்சி வந்ததைக் காட்டியது. இரத்தத்தின் சர்க்கரை சரியான அளவிலேயே இருந்தது. இன்சுலின் மட்டுமே மிகுந்திருந்தது. குஷிங் நோயுள்ள குதிரைகள் பலவற்றில் இன்சுலின் கட்டுப்பாடு குலைகிறது. மட்டக்குதிரைகளுக்கு இந்தச் சாய்வு பிறப்பிலேயே அதிகம்.

இதை வீட்டில் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். முன்னங்காலின் கணுவுக்குக் கீழே, பக்கவாட்டில் ஓடும் நாடியில் இரண்டு விரலை வையுங்கள். நலமான குதிரையில் அந்த நாடியைத் தேடிப் பிடிக்கவே நேரம் எடுக்கும். குளம்புக்குள் அழற்சி இருந்தால் விரலை வைத்தவுடன் துள்ளித் தட்டும். குளம்பும் சுடும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைக் குதியில் போட்டுப் பின்சாய்ந்து குதிரை நின்றால் அன்றைக்கே வைத்தியரை அழைக்க வேண்டும்.

நெடுந்தீவு இங்கே விசித்திரமான ஆசிரியர். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தின் காய்ந்த புல்லில் சர்க்கரை குறைவாகவே இருக்கலாம். நாள் முழுவதும் நடந்து மேயும் குதிரைக்குக் குளம்பு தானாகவே தேய்ந்து ஒழுங்காகும். லாயத்தில் கொழுத்து நிற்கும் குதிரையைத் தாக்கும் நோய்க்கு இந்த வெளி மருந்துதான். அதே வெளியின் மணலும் கரடும் பல்லையும் மூட்டையும் தின்கின்றன. உணவு போதாத இடத்தில் குஷிங் நோயுள்ள குதிரை குளம்பழற்சி வரும்வரை இருப்பதில்லை. அதற்கு முன்பே பசியும் தாகமும் முந்திக்கொள்ளும்.

நோய்கள் ஒன்றோடொன்று முரண்படும் இடம்தான் பராமரிப்பவருக்குக் கடினமானது. ஒரு முதிய குதிரைக்கு மூச்சிரைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரியில் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பூத்த வைக்கோலின் தூசு குதிரைக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஆஸ்துமாவைச் சட்டென்று அடக்குவது ஸ்டீரொயிட். ஆனால் அது இன்சுலினை உயர்த்தும். குஷிங் நோயுள்ள குதிரையில் குளம்பழற்சியைத் தூண்டிவிடும் அபாயம் உண்டு. ஊசியை எடுப்பதற்கு முன் வைக்கோலை நனைக்க வேண்டும். தூசு அடங்க 10 நிமிடம் போதும். ஒரு மணித்தியாலம் ஊறவைத்து நீரை வடித்துவிட்டால் சர்க்கரையும் ஓரளவு கரைந்து போகும். ஒரே வாளித் தண்ணீர் மூச்சுக்கும் குளம்புக்கும் பல்லுக்கும் உதவுகிறது. மருந்துக் கடையில் இதற்கு நிகரானது இல்லை.

மூட்டுவாதம் உள்ள குதிரை நடக்க வேண்டும், நின்றால் விறைக்கும். குளம்பழற்சி உள்ள குதிரை நிற்க வேண்டும், நடந்தால் தகடு கிழியும். இரண்டும் ஒரே குதிரையில் இருந்தால் முதலில் குளம்புதான். அழற்சி தணியும்வரை மெத்தென்ற மணலில் ஓய்வு. பிறகு மெல்ல நடை. நோவுக்குக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோன் போன்ற மருந்துகள் இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் உண்டாக்கக்கூடும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். உடலில் நீர் குறைந்த குதிரைக்கு அந்தக் கேடு பன்மடங்கு. தண்ணீர் ஏற்பாடு இல்லாமல் நோவு மருந்தைக் கொடுப்பது சரியல்ல என்று உறுதியாகவே சொல்வேன்.

இப்படி எந்த நோயைப் பிடித்தாலும் கடைசியில் தண்ணீரிடம்தான் வந்து சேர்கிறோம். 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை சாதாரண நாளில் குறைந்தது 10 லீற்றர் குடிக்கும். வெயிலில் இரட்டிப்பாகும். குஷிங் நோயிருந்தால் இன்னும் கூடும். குதிரை மனிதனைப்போல் தோலால் வியர்த்து உடலைக் குளிர்விக்கும் விலங்கு. அதன் வியர்வையில் லேதரின் என்ற புரதம் இருக்கிறது; மயிரின் எண்ணெய்ப்பிடிப்பைத் தாண்டி வியர்வை பரவ அது நுரைக்கிறது. கழுத்தில் வெள்ளை நுரை தெரிவது இதனால்தான். அந்த வியர்வை இரத்தத்தைவிட உப்புக் கூடியது. நீரோடு உப்பும் போய்விடுவதால் இரத்தம் செறிவதில்லை. மூளைக்குத் தாகச் செய்தி சரியாகப் போய்ச் சேராது. காய்ந்துபோன குதிரை தண்ணீரைக் கண்டும் குடிக்காமல் நிற்பதுண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். அவை நிழலில் நின்று மூக்கு விரித்து மூச்சு வாங்கும். உதிராத நீண்ட மயிரோடு இருக்கும் குஷிங் குதிரைக்கு யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் ஒரு தண்டனை. மயிரைக் கத்தரித்து விடுவது சிறிய வேலை. அதன் நிம்மதி பெரிது.

நெடுந்தீவின் தண்ணீர் தரைக்குக் கீழே கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலம். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. மேலே ஒரு சாண் இறங்கினாலே கீழிருந்து உவர் நெடுந்தூரம் ஏறிவிடும் என்பது அதன் மறுபக்கம். மாரியில் நிறையும் குளங்களும் கேணிகளும் சோளகம் வீசும் ஆடி, ஆவணியில் வற்றும். பூவல் என்ற சிறு ஊற்றுக் குழிகளில் ஊறுவது உவர்க்கும். அமெரிக்காவின் அசற்றீக் தீவில் உப்புப் புல் தின்னும் மட்டக்குதிரைகள் மற்றக் குதிரைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கின்றன. உப்பைக் கழிக்கவே தண்ணீர் வேண்டும். அங்கே நன்னீர்க் குட்டைகள் உண்டு. இங்கே ஐப்பசி மழைவரை அது நிச்சயமில்லை. மழை பிந்திய ஆண்டுகளில் குதிரைகள் மடிந்த செய்தி யாழ்ப்பாணப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. அப்படி மடிவதில் முந்துவது குட்டியும் முதியதும்.

கூட்டத்தில் திரியும் முதிய குதிரைக்கு யார் மாத்திரை கொடுப்பது, யார் பல் ராவுவது? முடியாதுதான், பிடிப்பதே அதற்கு அதிர்ச்சி. ஆனால் தண்ணீர்த் தொட்டி வைக்க முடியும். யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் கேணியும், கால்நடை குடிக்கத் தொட்டியும், உடலைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல்லும் வைத்த மரபு நமக்கு இருக்கிறது. பால் தராத, ஏர் இழுக்காத வழிப்போக்கு மாட்டுக்கும் சேர்த்தே அது கட்டப்பட்டது. தெற்கு வெளியில் வேண்டியது அதே ஏற்பாடு, கொஞ்சம் அறிவியலோடு. தொட்டி ஒன்றாக இருந்தால் வலிய ஆண்குதிரை காவல் நிற்கும். பல்லும் பலமும் போனது கடைசியில்கூட வர முடியாது. ஆகவே சிறு தொட்டிகள் பல, ஒன்றின் பார்வைக்கு ஒன்று படாத தூரத்தில். விளிம்பு அதிகம் உயரக் கூடாது, ஆனால் மூட்டு மடங்காத கழுத்துக்கும் எட்ட வேண்டும். அருகில் நிழல் வேண்டும். குதிரைகள் தொட்டிக்கு வரும்போது தூரத்தில் நின்றே உடல்நிலையைக் குறித்துக்கொள்ளலாம். 1983இல் ஹென்னெகி என்ற ஆய்வாளர் வகுத்த 1 முதல் 9 வரையான அளவுகோல் விலா, முதுகு, வால்மூட்டு, பிடரி, தோள் முதலிய இடங்களின் கொழுப்பை மதிப்பிடுகிறது. வீட்டுக் குதிரையானால் கையால் தடவிப் பார்க்கலாம், நீண்ட மயிர் கண்ணை ஏமாற்றும். முகத்தைப் படிக்கவும் இன்று ஒரு முறை இருக்கிறது. பின்னுக்கு மடிந்த காது, இறுகிய கண், கண்ணுக்கு மேல் எழும்பிய எலும்பு, இறுகிய கன்னத் தசை, கூம்பிய வாய், விரிந்து இறுகிய மூக்கு என்ற ஆறு அடையாளங்களை வைத்து நோவை மதிப்பிடும் அளவுகோல் 2014இல் வெளியானது. நோவை மறைத்து நிற்பது இரைவிலங்கின் பழக்கம். அந்த முகத்தை வாசிக்கப் பழகுவது வைத்தியத்தில் பாதி.

மன்னாரில் தெருக் கழுதைகளுக்கென்று ஒரு சிகிச்சை நிலையம் இயங்கியிருக்கிறது. நீலகிரியில், மசினகுடிக்கு அருகே, உழைத்து ஓய்ந்த குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் ஒரு புகலிடம் இருக்கிறது. பாக்கு நீரிணையின் அக்கரையில், கோடியக்கரைச் சரணாலயத்தில், நெடுந்தீவைப் போலவே கைவிடப்பட்ட மட்டக்குதிரைகள் மேய்கின்றன. இலங்கையில் மிருக வைத்தியர்கள் உருவாகும் பீடம் பேராதனையில் உள்ளது. சோளகம் தொடங்குமுன் அங்கிருந்து ஒரு குழு ஆண்டுதோறும் வந்து, பலவீனமான குதிரைகளைக் கண்ணால் கணக்கெடுத்து, சாணத்தில் புழுமுட்டை எண்ணிப் பார்த்தாலே பெரிய காரியம். முதிய குதிரையில், அதுவும் குஷிங் நோயிருந்தால், புழுமுட்டை கூடுதலாக இருக்கும்.

எல்லாவற்றையும் செய்தபின்னும் ஒரு நாள் வரும். பல்லில்லாத குதிரை கூழையும் மறுக்கும். படுத்தால் எழும்பாது. குடலைத் தாங்கும் சவ்வில் முதுமையில் வளரும் கொழுப்புக் கட்டி காம்போடு குடலைச் சுற்றி முறுக்கிக்கொண்டால், சத்திரசிகிச்சை இல்லாமல் பிழைக்காது. அப்போது வைத்தியர் கையால் நோவில்லாத முடிவு கொடுப்பது கொலையல்ல. பட்டினிக்கும் தாகத்துக்கும் விட்டுவிடுவதைவிட அது மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் நெடுந்தீவில் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த முடிவுக்கு ஊசியில் போடும் பென்ரோபாபிற்றல் என்ற மருந்து உடலில் அழியாமல் தங்கும். அந்த உடலைத் தின்ற நாய்களும் கழுகுகளும் மடிந்தது வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது. புதைக்கப் போனால் ஒரு முழம் மண்ணுக்குக் கீழே கல். கல்லின் வெடிப்பு வழியே இறங்குவது எல்லாம் கிணற்றுத் தண்ணீருக்கே போய்ச் சேரும். ஆகவே குழி வெட்டும் இடத்தைக் குதிரை படுத்தபின் தேடக் கூடாது. குடிநீர்க் கிணறுகளிலிருந்தும் குளங்களிலிருந்தும் விலகி, மண் ஆழமுள்ள, மாரி வெள்ளம் தேங்காத ஓர் இடத்தைப் பிரதேச சபையும் மிருக வைத்தியரும் முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். கல்லை உடைக்கும் இயந்திரம் தேவைப்பட்டால் அதையும் சோளகம் தொடங்குமுன் ஒழுங்கு செய்துவிட வேண்டும்.